மத்தியானம் மட்டும் 232 வோல்ட்

மார்ச் 4 – சன்னல் ஏ.சி., ஒரு டன் – 23,500
மார்ச் 8 – சன்னலுக்கு இரும்புச் சட்டம் – கூலி வாங்கவில்லை
மார்ச் 21 – மெக்கானிக் – 350
ஏப்ரல் 3 – மெக்கானிக், மறுபடியும் – 350
ஏப்ரல் 5 – ஸ்டெபிலைசர் – 3,100
மே 12 – மனுவுக்குக் கட்டணம் – 50
ஜூன் 2 – அபராதம் – 11,400
ஜூன் 9 – தனி இணைப்புக்கு முன்பணம் – 18,000

ஆந்தையக்கா வீடு எது என்று அந்தத் தெருவில் கேட்டால் எல்லோரும் மாடிப்படியைக் கைகாட்டுவார்கள். சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் உதட்டைப் பிதுக்குவார்கள். ஊர் படுக்கப் போகும் நேரத்தில் கைப்பையை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பி, ஊர் பல் தேய்க்கும் நேரத்தில் திரும்பி வருகிறவளுக்கு எதிர்வீட்டுப் பிள்ளைகள் வைத்த பெயர் அது. அவள் அதற்காகக் கோபித்துக்கொண்டதில்லை. "ஆந்தை பகல் முழுக்கத் தூங்குமாம்டா. எனக்கு அந்தப் பாக்கியம் எங்க இருக்கு?" என்று மட்டும் ஒருமுறை கேட்டாள்.

ஆஸ்பத்திரி ரத்த வங்கியில் அவளுக்கு இரவுப் பணி. பையில் வரும் ரத்தத்தைச் சோதித்து, வகை பார்த்து, சீட்டு ஒட்டி, குளிர்ப்பெட்டியில் அடுக்க வேண்டும். பத்தொன்பது வருடம் ஒரு புகாரும் இல்லாமல் செய்த வேலை. வயது நாற்பத்தாறு. தங்கைக்கு முதலில் முடியட்டும், நம்முடையதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று கல்யாணத்தைத் தள்ளிப்போட்டவள். தங்கைக்கு முடிந்தது. அப்புறம் யாரும் பார்க்கவில்லை, அவளும் ஞாபகப்படுத்தவில்லை. தங்கை அதே தெருவில், தெரு திரும்புகிற முனையில் குடியிருந்தாள். வீட்டின் முன்பக்கத்தில் அவள் புருஷனுடைய வெல்டிங் பட்டறை.

அக்காவின் அறை மொட்டைமாடிக்கு நேர் கீழே இருந்தது. முன்பெல்லாம் மேற்குச் சன்னலைத் திறந்தால் காற்று வரும். போன வருடம் எதிர்வீட்டுக்காரர் இன்னும் இரண்டு மாடி எழுப்பினார். காற்று நின்றுபோயிற்று. காலை பத்து மணிக்கெல்லாம் கூரை கொதிக்கத் தொடங்கிவிடும். ஈரத்துண்டைப் போர்த்திக்கொண்டு படுத்துப் பார்த்தாள். குளியலறைத் தரையில் தலையணையைப் போட்டுப் படுத்துப் பார்த்தாள். மின்விசிறி சுடுகாற்றை வாரி முகத்தில் அடித்தது. புரண்டு புரண்டு, எழுந்து தண்ணீர் குடித்து, மறுபடி புரண்டு, கண் சொருகும்போது சாயங்காலமாகியிருக்கும். பிறகு குளித்துக் கிளம்ப வேண்டியதுதான்.

இப்படிக் கண் எரிய எரிய வேலைக்குப் போனதன் விலை ஜனவரியில் தெரிந்தது. ஒரு விடியற்காலை, இரண்டு பைகளின் சீட்டுகளை மாற்றி ஒட்டிவிட்டாள். காலையில் பொறுப்பேற்க வந்த பெண் சரிபார்த்ததால் பை வெளியே போகவில்லை. "அக்கா, இது ரெண்டையும் கொஞ்சம் பாருங்களேன்" என்று அந்தப் பெண் மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் எதையும் மேலே சொல்லியாக வேண்டும் என்பது விதி. தலைமை மருத்துவர் அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். திட்டவில்லை.

"இன்னொரு தடவை நடந்தா உங்களை வேலையில வச்சிருக்க என்னால முடியாது. அதை விடுங்க. அந்த இன்னொரு தடவை, நாம கண்டுபிடிக்கறதுக்குள்ள அது ஒருத்தர் உடம்புல ஏறியிருக்கும். தூங்குங்கம்மா. முதல்ல தூங்குங்க."

பகல் பணிக்கு மாற்றக் கேட்டாள். யாராவது ஓய்வு பெற்றால்தான் இடம் என்றார்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு சீட்டையும் மூன்று தடவை பார்த்தாள். வீட்டுக்கு வந்து படுத்தால், மூன்றாவது தடவை சரியாகப் பார்த்தோமா என்று நான்காவது தடவை மனம் பார்த்தது. தூக்கம் இன்னும் போயிற்று. கடைசியில், சேமிப்பில் கைவைத்து ஒரு ஏ.சி. வாங்கிவிடுவது என்று முடிவு செய்தாள்.

கடைக்காரர் வாய் ஓயாத ஆள். "அறை என்ன அளவு மேடம்? ஒரு டன் போதும். ஆனா அதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கறேன். வீட்டுல வோல்டேஜ் எவ்வளவு வருது?"

"அது எனக்கெப்படித் தெரியும்?"

"யாருக்குமே தெரியாது. டன் கேட்டு வாங்கறாங்க, விலை கேட்டு வாங்கறாங்க, சோபாவுக்குப் பொருந்துற கலர் இருக்கான்னு கூடக் கேக்கறாங்க. வோல்டேஜைக் கேட்டு வாங்கறவங்களை நான் பார்த்ததில்ல. ரெண்டு மாசம் கழிச்சு என்னைத் திட்டறதுக்கு மட்டும் கரெக்டா வந்துடுவாங்க." அவர் மூன்று பெட்டிகளைத் தட்டிக் காட்டினார். "வீட்டுல 230 நிலையா வந்தா, இது. மேலயும் கீழயும் ஆடுச்சுன்னா இதோட ஒரு ஸ்டெபிலைசர். ரொம்பக் கீழ, நூத்தம்பது வரைக்கும் போகும்னா அதோ அந்த மாடல். அது கம்மி வோல்டேஜ்லயும் ஓடும். விலை மட்டும் ஒண்ணரை மடங்கு. அளந்துட்டு வாங்க, நான் எங்கயும் ஓடிட மாட்டேன்."

அளப்பதற்கு அவள் வெளியே ஆள் தேட வேண்டியதில்லை. தங்கை புருஷனைத் தெருவே மீட்டர் மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடும். சட்டைப்பையில் பேனா இருக்கிறதோ இல்லையோ, மஞ்சள் நிறத்தில் ஒரு மின்சார மீட்டர் இருக்கும். பக்கத்து வீட்டு டார்ச் விளக்கு, யாரோ ஒருவரின் ஸ்கூட்டர் பேட்டரி, மகளின் பொம்மைக் கார் என்று அகப்பட்டதையெல்லாம் அளந்துவிடுவார். வாயால் சொல்வதைவிட முள் சொல்வதை நம்புகிற மனிதர். அக்கா அவரைவிட மூத்தவள் என்றாலும் 'மாப்பிள்ளை, நீங்க' என்றுதான் பேசுவாள். அவரும் 'அக்கா' என்பதற்குக் குறைந்து கூப்பிட்டதில்லை.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பட்டறையை நிறுத்தினதும், கையைத் துடைத்துக்கொண்டே மாடியேறி வந்தார். சுவரில் இருந்த பிளக்கில் இரண்டு கம்பிகளையும் செருகினார்.

"232. அசையாம நிக்குது பாருங்கக்கா, சிலை மாதிரி. இவ்வளவு நல்ல வோல்டேஜ் வர்ற வீட்டுக்கு ஸ்டெபிலைசர் வாங்கினா அது தண்டம். சாதா மாடலே போதும்."

"நல்லாப் பார்த்துட்டீங்களா?"

"என்னக்கா, என்னையே சந்தேகப்படறீங்க? வேணும்னா நாளைக்கும் வந்து அளக்கறேன்."

சொன்னபடி மறுநாளும் வந்தார். மத்தியானம்தான் வந்தார். 231. அதற்கு மறுநாள் 232. எந்த நேரத்தில் அளக்க வேண்டும் என்று கடைக்காரர் சொல்லவில்லை, அக்காவுக்குக் கேட்கத் தோன்றவில்லை, மாப்பிள்ளைக்கு வேறு நேரம் கிடையாது. காலை ஒன்பதிலிருந்து ஒன்று வரை வேலை, இரண்டிலிருந்து ஏழு வரை வேலை. நடுவில்தான் மூச்சு.

சாதா மாடல் வந்தது. ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையே இரும்புச் சட்டம் அடித்துச் சன்னலில் பொருத்தினார். கூலி என்ற பேச்சை எடுத்ததும் முறைத்தார். அன்று முழுக்க அறை சில்லென்று இருந்தது. ஆனால் சனிக்கிழமை இரவு அவளுக்கு விடுமுறை, ஞாயிறு பகலில் அவள் படுப்பதில்லை. திங்கட்கிழமை காலை வேலை முடிந்து வந்து, ஏ.சி.யைப் போட்டு, போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள். ஒன்பது மணி வரை சொர்க்கம். அதற்குப் பிறகு இயந்திரம் உறுமியது. தொண்டையைக் கனைத்துக்கொண்டு பேச வராதவனைப் போல ஒரு உறுமல். பிறகு 'டக்'. நின்றது. சில நிமிடம் கழித்து மறுபடி உறுமல், மறுபடி 'டக்'. வெறும் காற்று மட்டும் வந்துகொண்டிருந்தது.

முன்பு வெக்கையில் புரண்டவள் இப்போது அந்தச் சத்தத்துக்காகப் புரண்டாள். ஓடும்போது, இதோ நிற்கப் போகிறது என்று காது தீட்டிக்கொண்டு கிடப்பாள். நின்றதும், இனி எப்போது ஓடும் என்று கிடப்பாள். 'டக்' என்ற சத்தம் அவள் மண்டைக்குள்ளேயே கேட்டது. பஸ்ஸில் யாராவது குடையை மடக்கினால்கூடத் திடுக்கிட்டாள்.

மெக்கானிக் வந்தான். கழற்றிக்கொண்டு போய்க் கடையில் இரண்டு நாள் ஓட்டிப் பார்த்தான். வெண்ணெய் மாதிரி ஓடியது. திரும்ப மாட்டினான். இங்கே உறுமியது. "கரண்ட் சரியில்ல மேடம்" என்றான்.

"கரண்டைச் சொல்லாதே!" மத்தியானம் வந்த மாப்பிள்ளை கொதித்துப்போனார். "232 வருது இங்க. கண்ணால பாரு." மெக்கானிக்கின் மூக்கருகே மீட்டரை நீட்டினார். அவன் பார்த்தான். உண்மையாகவே 232 இருந்தது. தலையைச் சொறிந்துகொண்டு கூலியை வாங்கிப் போனான். இரண்டாம் முறையும் வந்து சொறிந்துவிட்டுப் போனான்.

ஒரு ஸ்டெபிலைசரையும் வாங்கி வைத்தாள். அதன் முகப்பில் வோல்டேஜைக் காட்டுகிற முள் ஒன்று இருந்தது. அளவு ரொம்பக் குறைந்தால் அது இயந்திரத்தைத் தானே நிறுத்திவிடும். அதுவும் 'டக்' என்றது. முள் கீழே கிடப்பதை அவள் படுக்கையிலிருந்தே பார்த்தாள். மத்தியானம் மாப்பிள்ளை வரும்போது முள் நிமிர்ந்து நின்றது.

"வாத்தியார் வந்ததும் எழுந்து நிக்கிற பிள்ளை மாதிரி நிக்குதே மாப்பிள்ளை, நீங்க வந்தா மட்டும்."

"என் கை ராசிக்கா. ஸ்டெபிலைசர்ல முள் தப்பாக் காட்டுது. கடைக்காரன் உங்க தலையில நல்லாக் கட்டிட்டான்."

ஏப்ரல் இப்படியே உருண்டது. மே மாதத் தொடக்கத்தில் ஒரு காலை, பதினொரு மணிக்கு, அவள் படுக்கையில் எழுந்து உட்கார்ந்து அழுதாள். ஏதோ கொடுக்க மாடியேறி வந்த தங்கை பார்த்துப் பதறிப்போனாள்.

"என்னடீ இது, சின்னப் பிள்ளை மாதிரி?" அக்காவைத்தான் அவள் 'டீ' போட்டுப் பேசுவாள். பாசம் முற்றினால் அப்படி.

"இப்பவே அவரைக் கையோட கூட்டிட்டு வரேன். மத்தியானம் வரைக்கும் என்னால முடியாது. விழுந்து கிடக்கிற இந்த முள்ளை அவர் தன் கண்ணால பார்க்கட்டும். நீ இங்க இரு. முள்ளையே பார்த்துக்கிட்டு இரு. போனை வைக்காதே" என்றாள் அக்கா.

கலைந்த தலையோடு, காதில் போனை வைத்துக்கொண்டே தெருவில் நடந்தாள். போனில் தங்கை கிரிக்கெட் வர்ணனை மாதிரிச் சொல்லிக்கொண்டே வந்தாள். "நூத்தம்பது... நூத்தம்பத்தஞ்சு... ஆ, கொஞ்சம் ஏறிச்சு... இல்ல, மறுபடி நூத்தம்பது."

பட்டறையில் மாப்பிள்ளை குந்தி உட்கார்ந்து, ஒரு பெரிய கேட்டுக்கு வெல்டு வைத்துக்கொண்டிருந்தார். முகம் முழுவதும் கறுப்புக் கண்ணாடி வைத்த கவசம். நீல ஒளி கண்ணைக் குத்தியது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு பின்னாலிருந்து தோளைத் தட்டினாள். அவர் வெல்டிங் குச்சியை இரும்பிலிருந்து எடுத்துக் கவசத்தைத் தூக்கினார்.

அதே நொடியில் போன் கத்தியது. "அக்கா! ஏறிடுச்சு! இருநூத்து முப்பது! சொல்லிட்டியா அவர்கிட்ட? அதுக்குள்ள சரி பண்ணிட்டாரா?"

"என்னக்கா, தூங்கலையா?" என்றார் மாப்பிள்ளை.

அக்கா அவர் கையிலிருந்த குச்சியைப் பார்த்தாள். மூலையில் இருந்த பெரிய மெஷினைப் பார்த்தாள். போன வருடம் வாங்கியது.

"மாப்பிள்ளை, இன்னொரு தடவை பத்த வைங்க."

"எதுக்கு?"

"வைங்களேன்."

வைத்தார். "விழுந்திடுச்சு" என்றது போன்.

"எடுங்க."

"ஏறிடுச்சு."

"வைங்க."

"விழுந்திடுச்சு! என்னக்கா நடக்குது அங்க? அவர் என்ன மந்திரம் போடறாரு?"

மாப்பிள்ளை கவசத்தைக் கழற்றினார். குச்சியை ஒருக்களித்துப் பிடித்து, முகத்தை நன்றாக மறுபக்கம் திருப்பிக்கொண்டு, உத்தரத்தில் தொங்கிய பல்பைப் பார்த்தபடி ஒரு பொறி விட்டார். பல்பு சுருங்கி, தீக்குச்சி நெருப்பு மாதிரிச் சிவந்தது. விட்டதும் பளிச்சென்றது.

"ஒரு வருஷமா இது இப்படிக் கண்ணடிச்சுக்கிட்டா இருந்திருக்கு? யாரும் ஒரு வார்த்தை சொல்லலையே?"

"யாரு சொல்லணும்? வேலை நடக்கறப்போ உங்க மூஞ்சி கறுப்புக் கண்ணாடிக்குள்ள இருக்கு. வேலை நின்னா பல்பு நல்லா இருக்கு."

போனில் இருந்த தங்கை, "ஃபேன் கூடத்தான் தள்ளாடும். எல்லா வீட்டுலயும் அப்படித்தான்னு நினைச்சேன்" என்றாள்.

மாப்பிள்ளை மீட்டரைப் பையிலிருந்து எடுத்தார், அளக்க ஒன்றும் இல்லாமல் மறுபடி பையில் போட்டார். "232-ன்னு அடிச்சுச் சொன்னேனே."

"சொன்னது சரிதான். அது நீங்க சோறு திங்கற நேரத்து வோல்டேஜ்."

சிரிப்பு வந்தது. இருவரும் சிரித்தார்கள். ஆனால் படியேறித் திரும்பும்போது அக்காவுக்குச் சிரிப்பு போய்விட்டது. காரணம் தெரிந்துவிட்டதே தவிர, தூக்கம் வருவதற்கு வழி தெரியவில்லை. கம்மி வோல்டேஜில் ஓடும் அந்த மூன்றாவது பெட்டியை வாங்கலாமென்றால் கையில் இருந்ததெல்லாம் இதில் கரைந்துவிட்டது. வாங்கிய பெட்டியைக் கடைக்காரர் திரும்ப எடுக்க மாட்டார்.

"இனிமே ரெண்டு மணிக்கு மேலதான் மெஷினைத் தொடுவேன்" என்றார் மாப்பிள்ளை. ஒரு வாரம் அப்படியே செய்தார். காலை முழுக்க இரும்பை அறுத்து வைத்தார், அரத்தால் தேய்த்தார். வேலை தேங்கியது. அந்தப் பெரிய இரும்புக் கேட்டுக்கு ஆர்டர் கொடுத்திருந்த காண்டிராக்டர், அறுத்த இரும்பை வண்டியில் ஏற்றி வேறு பட்டறைக்குக் கொண்டுபோய்விட்டார். அன்று சாயங்காலம் தங்கை அக்காவின் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. சுவரைப் பார்த்துப் பேசினாள். "சிலருக்கு ஏ.சி. ஓடணும். சிலருக்கு அடுப்பு எரியணும். ஆண்டவனுக்கே எதைப் பார்க்கறதுன்னு குழப்பம் வந்திருக்கும்."

"நாளையிலிருந்து காலையிலயே வேலையை ஆரம்பிக்கச் சொல்லு" என்றாள் அக்கா.

மின்சார ஆபீசுக்கு அவளே ஒரு மனு எழுதினாள். மின்கம்பத்தில் மூன்று கம்பிகள் போகின்றன, என் வீட்டை வேறு கம்பிக்கு மாற்றித் தரவும் என்று. அவள் வீடும் பட்டறையும் ஒரே கம்பியில்தான் இருந்தன. ஆனால் பட்டறையைப் பற்றி ஒரு எழுத்துகூட எழுதவில்லை. எழுதினால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். அந்தப் பெரிய மெஷினுக்கு மாப்பிள்ளை அனுமதி வாங்கியிருக்கவில்லை. வீட்டு இணைப்பிலேயே மாட்டியிருந்தார். பிடித்தால் அபராதம் போட்டு மெஷினுக்குச் சீல் வைத்துவிடுவார்கள்.

மே 26 காலை பதினொரு மணிக்கு வந்து அளப்போம், குறைவாக இருந்தால் மாற்றித் தருவோம், சரியாக இருந்தால் மனு முடிக்கப்படும் என்று பதில் வந்தது. அக்கா அந்தத் தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெல்டிங் நடந்தால்தான் அளவு குறையும். வெல்டிங் நடந்தால் மாப்பிள்ளை மாட்டிக்கொள்வார். நேரே பட்டறைக்குப் போய்ச் சொன்னாள்.

"26-ஆம் தேதி ஆபீஸ்காரங்க தெருவுக்குள்ள வராங்க. அன்னைக்குக் காலையில மெஷின் மேல சாக்கைப் போட்டு மூடிடுங்க."

"மூடினா உங்க மனு என்னாகறது?"

"கம்பத்துலேர்ந்து என் வீட்டுக்கு வயர் நீளமா இருக்கறதைப் பார்த்தாவது மாத்தித் தருவாங்களான்னு ஒரு நப்பாசை. நீங்க மூடுங்க."

அதற்கு இரண்டு நாள் முன்பு, தங்கையிடம் மட்டும் ஒன்று சொன்னாள். சொல்ல வேண்டும் என்று போகவில்லை, பாத்திரத்தை எடுத்துக் கொடுத்துவிட்டு வாசலில் நின்றபோது வாய் தானாகத் திறந்துகொண்டது. "நேத்து மறுபடியும்... ஒட்டலை. ஒட்டப் போனேன். சீட்டு விரல்ல இருந்துச்சு. பையோட நம்பரைப் பார்க்கறேன், எழுத்து ரெண்டு ரெண்டாத் தெரியுது. கையைப் பின்னால இழுத்துக்கிட்டேன்." தங்கை அக்காவின் கையைப் பிடித்து, அந்த விரல்களை ஒவ்வொன்றாக நீவிவிட்டாள்.

26-ஆம் தேதி உதவிப் பொறியாளர் ஒருவரும் லைன்மேனும் வந்தார்கள். பொறியாளர் இளவயது, அவசரக்காரர். பிளக்கில் மீட்டரைச் செருகினார். தெரு அமைதியாக இருந்தது.

"229. மேடம், இதுக்கு மேல நான் என்ன தர்றது? எங்க ஆபீஸ்லயே இவ்வளவு வர்றதில்ல."

"பகல்ல சில நேரம் குறையுதுங்க."

"சில நேரம்னா எந்த நேரம்?"

அவள் தெரு முனைப் பக்கம் பார்க்கவில்லை. "தெரியலைங்க."

பொறியாளர் பேனாவை எடுத்தார். கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டினார். அவள் பேனாவை வாங்கிக் குனிந்தபோது, ஸ்டெபிலைசர் 'டக்' என்றது. மீட்டரில் எண்கள் சரிந்தன. 180. 160. 152. பிறகு குபீரென்று 229. மறுபடி 152.

"யாரோ விளையாடறாங்க சார்" என்றான் லைன்மேன். சன்னலை எட்டிப் பார்த்தான். தெரு முனையில் எதிர்ச்சுவரில் நீல ஒளி அடித்து அடித்து மறைந்தது.

அவர்கள் படியிறங்கினார்கள். அக்கா செருப்புக்கூட மாட்டாமல் பின்னால் ஓடினாள். மாப்பிள்ளை பட்டறையின் நடுவில், சாக்கு போடாத மெஷினுக்கு முன்னால், குந்தி உட்கார்ந்திருந்தார். கவசத்தைத் தூக்கினார். நெற்றியில் வியர்வை வழிந்தது.

"வாங்க சார். பதினோரு மணின்னு சொன்னாங்க, அதான் காத்துக்கிட்டிருந்தேன்."

"இந்த மெஷினுக்கு அனுமதி இருக்கா?"

"இல்ல சார். எழுதிக்குங்க. ஆனா முதல்ல அவங்க வீட்டு அளவை எழுதுங்க. 232-ன்னு நான் தப்பா அளந்து சொல்லிட்டேன். அது சரியா ஏறட்டும், மத்ததை அப்புறம் பேசிக்கலாம்."

பொறியாளர் அவரையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தார். இப்படி ஒரு ஆளை அவர் இதுவரை பார்த்ததில்லை என்பது முகத்தில் தெரிந்தது. லைன்மேன் சீல் வைக்கும் கம்பியை எடுக்க வண்டிக்குப் போனான்.

"ஏன் மாப்பிள்ளை இப்படிப் பண்ணினீங்க?" என்றாள் அக்கா. "படிச்சுப் படிச்சுச் சொன்னேனே, மூடுங்கன்னு."

"உங்க தங்கச்சி எல்லாம் சொன்னா. நாளைக்கு என் மேலயே ஒரு கேட்டு விழுந்து, எனக்கே அந்தப் பையிலிருந்து ஏத்த வேண்டியிருந்தா? என் ரத்த வகை என்னன்னு ஊர்ல உங்க ஒருத்தருக்குத்தான் தெரியும். நீங்க முழிச்சுக்கிட்டு இருக்கணும்னா நீங்க தூங்கணும்லக்கா." சிரிக்கப் பார்த்தார். வரவில்லை. தங்கை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் புருஷனைத் தடுக்கவும் இல்லை, அக்காவைக் குற்றம் சொல்லவும் இல்லை. கண் மட்டும் கலங்கியிருந்தது.

மெஷினுக்குச் சீல் விழுந்தது. அபராதத்தை மாப்பிள்ளை கட்டினார். பட்டறைக்குத் தனி இணைப்பு வேண்டி விண்ணப்பித்தார்கள். அதற்கான முன்பணத்தில் பாதியை, வேண்டாம் வேண்டாம் என்று அவர் சொல்லச் சொல்ல, அக்கா ஆஸ்பத்திரியில் கடன் வாங்கிக் கட்டினாள். அவளுடைய மனுவின் மேல், குறைவுக்குக் காரணமான இயந்திரம் நிறுத்தப்பட்டது, ஆகவே மாற்றம் தேவையில்லை என்று எழுதி முடித்துவைத்தார்கள்.

அது ஒரு வகையில் உண்மை. முள் இப்போது காலை முதல் மாலை வரை 231-இல் நின்றது. ஏ.சி. ஒரு முனகல்கூட இல்லாமல் ஓடியது. அறை பனிக்கட்டி மாதிரி இருந்தது. அக்கா போர்வைக்குள் கண்ணைத் திறந்துகொண்டு கிடந்தாள்.

தெரு அநியாயத்துக்கு அமைதியாக இருந்தது. சுத்தியல் சத்தம் இல்லை, இரும்பு தேய்க்கும் சத்தம் இல்லை. அந்த அமைதி அவளை எழுப்பி எழுப்பி உட்காரவைத்தது. மாப்பிள்ளை ஊரின் மறுகோடியில் வேறொருவருடைய பட்டறையில் தினக்கூலிக்குப் போனார். காலையில் அவள் இறங்குகிற பஸ்ஸில்தான் அவர் ஏறுவார். இருவருக்கும் பேச நேரம் இருக்காது.

"தூங்குங்கக்கா! காசு கட்டி வாங்கின வோல்டேஜ், வீணாக்காதீங்க!" படியில் தொற்றிக்கொண்டே கத்துவார். வேடிக்கையாகத்தான் சொல்வார். அந்த ஒரு வரி பகல் முழுக்க அவள் தலைமாட்டில் உட்கார்ந்திருக்கும்.

வேலை இடத்தில் அவள் வெட்கத்தை மூட்டை கட்டி வைத்தாள். ஒட்டிய ஒவ்வொரு பையையும் கூட வேலை செய்கிற பெண்ணிடம் நீட்டினாள். "நீயும் ஒரு தடவை பாரு. என் கண்ணை நான் நம்பலை." அந்தப் பெண் முதலில் கூச்சப்பட்டாள், பிறகு பழகிவிட்டது. தப்பு நடக்கவில்லை. ஆனால் ஒரு கண்ணை நம்பாமல் எத்தனை நாள் வேலை பார்ப்பது என்ற பயம் அவளை விட்டு அகலவில்லை.

மின்சார ஆபீஸிலிருந்து கடிதங்கள் வந்தன. விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது என்று ஒன்று. வீட்டு வரி ரசீதின் நகலை இணைக்கவும் என்று ஒன்று. இணைத்து அனுப்பிய நகல் தெளிவாக இல்லை என்று இன்னொன்று. ஆகஸ்டில் கம்பத்திலிருந்து புதுக்கம்பி இழுத்தார்கள், பட்டறைச் சுவரில் புது மீட்டர் வைத்தார்கள். மெஷினின் சீலை மட்டும் எடுக்கவில்லை. அதற்குத் தனியாக உத்தரவு வர வேண்டுமாம். "கல்யாணத்தை முடிச்சுட்டு, பொண்ணைத் தொடறதுக்கு உத்தரவு வரணும்கற மாதிரி" என்றார் மாப்பிள்ளை. தங்கை அவர் முதுகில் ஒரு அடி போட்டாள். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். பல நாள் கழித்து வந்த சிரிப்பு.

மழை இல்லாத ஒரு காலை, அவள் படுத்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. வழக்கம்போலத் தூக்கம் வரவில்லை. தெரு முனையில் தங்கை யாரையோ கூவி அழைப்பது கேட்டது. அன்று கூலிக்குப் போகாமல் காய்ச்சலில் படுத்திருந்த மாப்பிள்ளையின் குரலும் கேட்டது. பிறகு கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு இரும்பின் மேல் சுத்தியல் விழும் சத்தம். நிறுத்தி, மறுபடி. எதிர்ச்சுவரில் நீல ஒளி துடித்தது.

அவள் தலையைத் தூக்கி ஸ்டெபிலைசரைப் பார்த்தாள். முள் 231-இல் நின்றது. நீல ஒளி மறைந்தது, வந்தது, மறைந்தது. முள் அசையவில்லை. தலையைத் தலையணையில் வைத்தாள். இரண்டு சுத்தியல் அடி கேட்டது வரைதான் அவளுக்கு நினைவு.

தங்கை உலுக்கியபோது சன்னல் இருட்டியிருந்தது.

"ஏய் ஆந்தை! டூட்டிக்கு நேரமாச்சு, எழுந்திரு. காலையில வந்த தபாலை மத்தியானமே காட்ட வந்தேன். எழுப்ப மனசு வரலை. குறட்டை வேற, இந்த ஏ.சி.யே பரவாயில்லை."

கையில் ஒரு தாளைத் திணித்தாள். அக்கா எழுந்து உட்கார்ந்து, விளக்கைப் போட்டு, ரத்தப் பையின் சீட்டைப் படிக்கிற மாதிரி மேலிருந்து கீழாகப் படித்தாள். பட்டறையின் விலாசம் சரி. இணைப்பு எண் சரி. சீலை அகற்றிக்கொள்ளலாம் என்ற உத்தரவு தெளிவாக இருந்தது. எழுத்துகள் ஒவ்வொன்றும் ஒற்றையாகவே தெரிந்தன. ஒரே ஒரு தடவை படித்துவிட்டு மடித்துத் தங்கையிடம் கொடுத்தாள், முகம் கழுவப் போனாள்.

அந்தக் கடைசிக் கடிதம் வந்தது செப்டம்பர் 10, வியாழக்கிழமை.